நாற்பத்திரண்டு கையெழுத்து

நொச்சியடிக்குளம்,
கனகராயன்குளம்.
09.02.2025

அன்புள்ள சாரங்காவுக்கு,

உன் தோழி சுமித்திரா எழுதுவது. நீயும் தயாபரன் அண்ணையும் மகளும் சுகமாயிருக்கிறீர்களா? போன் எடுத்தேன், முதல் மணியிலேயே நின்றுபோகிறது. நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதாக ஜெகதீஸ்வரி அக்காவின் மகள் சொன்னாள். தபாலை அப்படித் தடுக்க முடியாதுதானே, அதுதான் பேனையை எடுத்தேன்.

ஊர் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. குவாரியில் நாளுக்கு இரண்டு தரம் வெடி வைக்கிறார்கள். கல் உடைக்கிற மெசின் ஓடும் நேரம் சோற்றுப் பானையைத் திறக்க முடியாது, திறந்தால் தூசிச் சோறுதான். குவாரி வெடிக்கு எதிராகக் கொழும்புக்கு அனுப்பிய பெட்டிசனில் கையெழுத்து வைத்ததற்காகக் கம்பனி வேலையில் இருந்து நிறுத்திய பதினொரு பேரில் ஒருவரையும் திரும்ப எடுக்கவில்லை. ஜெகதீஸ்வரி அக்கா ஓமந்தைப் பக்கம் கச்சான் கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறா. என் மகன் கட்டாரில்தான். வீட்டில் நானும் கோழிகளும்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் பெட்டிசனை விசாரிக்கக் கொழும்பில் இருந்து அதிகாரிகள் வரப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. குவாரிக்கு ஆகக் கிட்ட இருந்த வீடு உன்னுடையது. சுவர் வெடித்ததை நீ வந்து சொன்னால் கம்பனியால் மறுக்க முடியாது, இல்லாவிட்டால் எங்கள் கதை வெறும் வாய்க்கதையாகப் போய்விடும். கையெழுத்து வைத்தவர்களின் பெயர்ப்பட்டியல் எப்படிக் கம்பனிக்குப் போனது என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

அந்த நாட்களில் நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. பதில் போடு.

அன்புடன்,
சுமி

பூநகரி.
02.03.2025

சுமித்திராவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். இவர் குவாரி டிப்பரை விட்டுவிட்டு இங்கே தமையனின் டிராக்டர் ஓட்டுகிறார். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். காலை பஸ் போனால் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. இவர் வயலுக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு நான் வாயைத் திறக்காமலே பகல் முடிந்துவிடும். இங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறாய். பதினொரு பேரை நிறுத்தியபோது இவரை மட்டும் நிறுத்தவில்லை. டிப்பர் ஓட்ட வேறு ஆள் கிடைக்காததால்தான் நிறுத்தவில்லை. ஆனால் அந்த ஒன்றை வைத்தே, பட்டியலை நான்தான் கம்பனிக்குக் கொடுத்தேன் என்று ஊர் முடிவு கட்டியது. உன் பெயருக்குக் கீழே இரண்டாவதாக இருந்தது என் பெயர். அதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை, நீ உட்பட.

கோபக்காரர் கூட செத்தவீட்டுக்கு வருவார்கள். என் அம்மாவின் செத்தவீட்டுக்கு ஊரில் இருந்து ஒரு சனம் வரவில்லை. பாடை தூக்க இவர் பூநகரியில் இருந்து ஆட்களை வாகனத்தில் ஏற்றி வந்தார். தாயின் உடம்பைத் தெரியாத ஆட்களின் தோளில் அனுப்பினேன். நீ உன் படலையில் நின்றதைக் கண்டேன். படலையைத் திறந்தால் பாடை போன ஒழுங்கை. நீ திறக்கவில்லை.

இப்போது உனக்கு ஒரு வெடித்த சுவர் தேவைப்படுகிறது. அதனால் நான் மறுபடியும் தோழி.

சாரங்கா

நொச்சியடிக்குளம்.
27.03.2025

அன்புள்ள சாரங்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தெரியாமல் மூன்று கிழமை இருந்தேன். நீ எழுதியதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. நான் ஊர்ச் சங்கத்துச் செயலாளர், நான் போனால் சனம் என்ன சொல்லும் என்று பயந்து படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் தாய் சிவனேஸ்வரி அம்மா என் பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியச் சமையல் சமைத்துத் தந்தவ. அதுகூட என்னை நகர்த்தவில்லை.

நேற்று தகவல் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. ஏழு பக்கம். மூன்றாம் பக்கத்தில் எங்கள் பெட்டிசன், நாற்பத்திரண்டு கையெழுத்தோடும் அடையாள அட்டை நம்பர்களோடும் இருந்தது. அதன் அடியில் 'கிராம அலுவலர்' என்று விதானையாரின் முத்திரை.

பிள்ளையார் கோயிலில் என்ன முடிவெடுத்தோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். உள்ளூரில் ஒரு கந்தோருக்கும் காட்டுவதில்லை, நேரே கொழும்புக்குப் பதிவுத் தபால் என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தோம். நான் தபால் கந்தோருக்குப் போகிற வழியில் விதானையாரின் கதவு திறந்திருந்தது. கரண்ட் எடுக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, மரம் தறிக்க, செத்தவரைப் பதிய என்று எல்லாவற்றுக்கும் அந்த முத்திரையை வாங்கியே பழகிவிட்டோம். முத்திரை இல்லாத கடதாசியைக் கொழும்பில் குப்பைக்கூடைக்குள் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். "உறுதிப்படுத்தித் தாங்கோ ஐயா" என்று நீட்டினேன்.

அவர் வழமைபோல ஒரு பிரதி எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். மேலிடம் 'விளக்கம் கோரி' என்று எழுதி அதை அப்படியே கம்பனிக்கு அனுப்பியிருக்கிறது. பெயர்களையாவது மறைப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. களவாக ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் இலக்கமிட்ட கடிதங்கள்.

பட்டியலைக் கொடுத்தது நான்தான், சாரங்கா.

முத்திரை வாங்கியதை அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சத்தியத்தை மீறியது வெளியில் தெரிந்துவிடும் என்று மறைத்தேன். அதனால்தான் பட்டியல் போனது என்று நினைக்கவில்லை. நினைத்துப் பார்க்க விரும்பவில்லை என்று எழுதினால்தான் உண்மையாக இருக்கும். உன்மேல் பழி விழுந்தபோது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

என்னை மன்னித்துவிடு.

சுமி

பூநகரி.
21.04.2025

சுமித்திராவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இவருக்கும் வாசித்துக் காட்டினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "சரி, இனி என்ன?" என்று மட்டும் கேட்டார். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

நான் கொடுக்கவில்லை என்பது எனக்கு முதலே தெரியும். அதை எனக்கு எழுதி என்ன பிரயோசனம்? தெரியாதவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அரசாங்கம் சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மைக் பிடித்துப் பேசினாய். உனக்குப் பக்கத்தில் நின்று நானும் கை தட்டினேன். நீ சனத்துக்கு எப்போது பதில் சொல்லப் போகிறாய்?

அவர்களிடம் சொல். சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

சாரங்கா

நொச்சியடிக்குளம்.
12.05.2025

அன்புள்ள சாரங்கா,

சொல்லிவிட்டேன், அதனால் எழுதுகிறேன். போன ஞாயிறு பொதுநோக்கு மண்டபத்தில் ஊரைக் கூட்டி, ஏழு பக்கத்தையும் வாசித்தேன். உனக்கு எழுதிய கடிதத்தில் இருந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். உன்மேல் விழுந்த பழி எனக்கு ஆறுதலாக இருந்ததையும் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டேன். ஒருவரும் தண்ணீர் தரவில்லை.

பிறகு ஜெகதீஸ்வரி அக்கா எழும்பினா. "பத்து மாசமா வேலையில்லாமல் வெயிலுக்கை சாகிறம். அதைப் பொறுப்பன். அந்தப் பிள்ளையின்ர தாயை நாங்கள் தனிய அனுப்பினமே, அதுக்கு என்ன சொல்லப்போறாய்?" என்று கேட்டா. பிறகு அழுதுகொண்டு வெளியே போய்விட்டா.

என்னைச் செயலாளர் பதவியில் இருந்து எடுத்துவிட்டு சிவரூபியைப் போட்டார்கள். சரியான முடிவு. இப்போது குழாய்க் கிணற்றடிக்கு நான் போனால் கதை நின்றுவிடுகிறது. ஒருவரும் ஏசவில்லை, குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள். கடையில் சாமானைத் தருகிறார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. நீ ஊரைவிட்டுப் போகுமுன் எப்படி இருந்தாய் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. உனக்குச் செய்ததன் அளவும் விளங்குகிறது.

விசாரணை யூன் 24, வவுனியாவில், காலை ஒன்பதரை. முதலாவது கையெழுத்து என்னுடையது என்பதால் நான்தான் மனுதாரர், போகத்தான் வேண்டும். உன்னை வா என்று கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கில்லை. திகதியை உனக்கும் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினேன்.

சுமி

நொச்சியடிக்குளம்.
26.06.2025

சாரங்காவுக்கு,

நீ வருவாய் என்று நினைக்கவில்லை. அந்த ஒற்றை பஸ்ஸைப் பிடிக்க எத்தனை மணிக்கு எழும்பினாயோ தெரியாது. உள்ளே வந்து சிவரூபிக்குப் பக்கத்தில் இருந்தாய். ஜெகதீஸ்வரி அக்கா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நீ கையை இழுக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

கம்பனி சட்டத்தரணி அந்த வீடு முதலே பழுதானது என்றார். "வீட்டுத்திட்டத்திலை கட்டின வீடு ஐயா. பதினொரு வருசம் வெடிக்காத சுவர், குவாரி துவங்கி மூண்டாம் மாசம் வெடிச்சது. அந்தச் சுவருக்குக் கீழைதான் என்ர அம்மா படுத்துக் கிடந்தவ" என்றாய்.

நீ போனபிறகு முடிவைச் சொன்னார்கள். அதிர்வை அளந்து அறிக்கை வரும்வரை வெடி வைக்கக்கூடாது. நிறுத்தப்பட்ட பதினொரு பேரின் விசயத்தைத் தொழில் கந்தோருக்குப் பாரப்படுத்தியிருக்கிறார்கள், அது இழுபடும். நேற்றும் இன்றும் வெடி இல்லை. சனம் சந்தோசமாக இருக்கிறது. என்னோடு பகிர ஒருவரும் வரவில்லை. வீட்டுக்குள் இருந்து சிரிப்புச் சத்தங்களைக் கேட்டேன்.

இதை எழுதுவது வேறு ஒன்றுக்காக. நீ சாட்சி சொல்லி முடிய, படிவம் நிரப்பிய அந்த அம்மா உன்னிடம் கேட்டா, "முதலாம் மனுதாரர் உங்களுக்கு என்ன முறை? சொந்தமா, சிநேகிதமா?" என்று. நீ அப்போதுதான் என் பக்கம் திரும்பினாய். கிட்டத்தட்ட ஒரு வருசத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாய். கோபம் இருக்கவில்லை. அதைத் தேடிப் பார்த்தேன், இருக்கவில்லை.

"ஒரே ஊர்" என்றாய். அவ எழுதிக்கொண்டா.

அதற்குக் கொஞ்சம் முன்தான், உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை என்று உன்னிடம் சத்தியம் வாங்கினார்கள். நீ சத்தியத்தை மீறவில்லை, சாரங்கா.

இனி எழுதி உன்னைக் கரைச்சல்படுத்தமாட்டேன்.

சுமித்திரா