இரண்டு மாதிரிக் கதவுகள்

இன்று காலை காபிக்குச் சீனி எடுக்கப் போனேன். டப்பா முழுக்க எறும்பு. அடுப்படி அலமாரியில், சட்டத்துக்குள் அடங்கி நிற்கிற கதவு பங்குனி வெயிலில் சுருங்கி, ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. பக்கத்தில், சட்டத்தின் மேல் படிந்து மூடுகிற கதவுக்குள் ஓர் எறும்புகூட இல்லை. உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வாயைத் திறந்துவிட்டேன்.

காஸ் அடுப்பு வாங்கிய கையோடு மேடைக்கு அடியில் அலமாரி அடித்தோமே, அப்போது ஆரம்பித்தது இது. குமுளியில் ஒரு வீட்டில் கதவும் சட்டமும் ஒரே மட்டமாக நின்றதைப் பார்த்துவிட்டு வந்து, அதுதான் வேண்டும் என்றாய். மேலே படிகிற கதவுதான் நம்ம கூடலூர் ஈரத்துக்குத் தாங்கும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்கும் என்றார் ஆசாரி. ஒரு சேலை எடுக்கவே பொழுதைக் கழிக்கிறவள், இதில் மட்டும் சட்டென்று முடிவு சொல்வாயா?

“ரெண்டுலயும் ஒண்ணொண்ணு மாட்டுங்க ஆசாரி. ஒரு சாரலும் ஒரு கோடையும் போகட்டும். மத்ததுக்குப் பெறகு சொல்றேன்.”

மற்ற தட்டுகளுக்குப் பழைய சேலையைக் கிழித்துத் திரை போட்டாய்.

ஆனியில் சாரல் பிடித்ததும் உள்ளடங்கிய கதவு உப்பி இறுகிக்கொண்டது. காலை ஊன்றி இழுப்பாய். திறந்ததும் உனக்கு மூச்சு இரைக்கும். இரண்டு பேரும் கதவைத்தான் திட்டினோம். இரைப்பு கதவால் வந்ததல்ல என்று தேனி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, இருதயம் ரொம்பக் கெட்டுவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். உள்ளே வந்தால், நீ கதவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாய்.

“சாரலுக்கு மேல படியுறதுதான் தேவலைங்க. ஆனா வெயில்ல எப்படின்னு பாக்கணும்ல. பங்குனி வரட்டும்.”

“வரட்டும்” என்றேன். வேறு என்ன சொல்வேன்? மலைப் பாதையில் தினமும் ஜீப் ஓட்டுகிற மனுசன், உன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆவணியை நீ தாண்டவில்லை.

மத்தியானம் ஆசாரி வந்தார். எறும்பைக் காட்டினேன்.

“பெறகென்னண்ணே, மேல படியுறதையே எல்லாத்துக்கும் போட்டுருவோம். அக்கா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாக.”

அதைத்தான் சொல்லியிருப்பாய், எனக்கும் தெரியும். ஆனால் சரி என்று சொல்லிவிட்டால், நீ வந்து பார்த்துச் சொல்ல வேண்டியது என்று இந்த வீட்டில் எதுவும் மிச்சமிருக்காது.

“இன்னொரு கோடையும் பாத்துக்கிருவோம் ஆசாரி” என்றேன்.