மாத்திரைப் பைக்காகத் திரும்பிப் போன செல்விக்கு

செல்வி, என் தங்கமே,

இந்த மழைக்கும் நம் சாக்கடை நாலா பொங்கிவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதே: எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் மகள் அபி நன்றாக இருக்கிறாள். உன் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். என் அம்மாவும் இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அபி என்னிடம் ஒன்று கேட்டாள். அதற்குப் பதில் தெரியாமல் தவிக்கிறேன். உன்னை விட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நீ எங்கள் சந்துக்கு வந்தாய். நான் தில்லியிலேயே பிறந்தவள். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தும் என் பேச்சில் பாதி இந்திதான். "அக்கா, நீ திட்டினாக்கூட எனக்குப் பாதிதான் புரியுது" என்று சிரிப்பாய். நம் சந்துக்குப் பின்னால் அந்தப் பெரிய சாக்கடைக் கால்வாய், எல்லோரும் நாலா என்று சொல்வது. யமுனை ஏறினால் அதன் தண்ணீர் ஆற்றில் சேர முடியாமல் திரும்பி நம் வீடுகளுக்குள் வரும். வருஷா வருஷம் கணுக்கால் அளவு வந்து போகிறதுதானே என்று பழகிப்போயிருந்தோம்.

எனக்குச் சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி ஆல்டர் பண்ணும் வேலை. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன அம்மாவைக் காலையில் கட்டிலில் விட்டுவிட்டுப் போனால், திரும்பும்வரை அவளுக்கு நீதான். நாலு வீட்டில் வேலை செய்துவிட்டு வரும்போது எட்டிப் பார்ப்பாய். தண்ணீர் கொடுப்பாய், புரட்டிப் படுக்க வைப்பாய். நான் கேட்டுச் செய்ததில்லை. ஒருநாளும் அதைப் பற்றி நீ பேசினதும் இல்லை.

ஆறு பெரிதாக ஏறின அந்த வருஷம், ஒரு மத்தியானம் நீ போன் செய்தாய். கடையில் கூட்டம். மிஷின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, தண்ணி வாசப்படி ஏறிடுச்சு. இந்த வாட்டி வேற மாதிரி இருக்கு. அபிய மேல ரோட்டுல உட்டுட்டேன். அம்மாவத் தூக்கியாரப் போறேன். நீ பதறாம வா."

அதுதான் நீ என்னோடு பேசின கடைசிப் பேச்சு. பதறாம வா.

என் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்து, மேல் ரோட்டில் அபிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாயாம். அம்மாவுக்கு அப்போதே நாக்கு குழறும். "மாத்திர... மாத்திர..." என்றாளாம். ரத்தக் கொதிப்பு மாத்திரையெல்லாம் ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருப்பேன். "இருங்கம்மா, எடுத்தாரேன். அபி, ஆயாவப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு நீ மறுபடி இறங்கினாய். எங்கள் வீட்டு இரும்புக் கதவில் கரன்ட் இறங்கியிருந்தது. நீ கையை வைத்தாய்.

நான் பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்தும் ஓடியும் வந்து சேர்ந்தபோது உன்னை ஒரு கதவுப் பலகையில் படுக்க வைத்திருந்தார்கள். அபி அழவில்லை. நீ சொன்னபடி என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நொய்டாவில் பெயின்ட் வேலைக்குப் போயிருந்த உன் வீட்டுக்காரர் முருகன் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் சுடுகாட்டில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்கம்மா இருக்காங்க அக்கா. என் பொண்டாட்டி இல்ல. நான் யாரப் போய்க் கேக்கறது?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே யாரைக் கேட்பது என்று தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

பிறகு சந்து முனையில் உன் போட்டோ போட்டு பேனர் கட்டினார்கள். யார் யாரோ வந்து மாலை போட்டார்கள். தன் குடும்பம் பிறர் குடும்பம் என்று பார்க்காதவள் என்று மைக்கில் பேசினார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் மறுநாள் காலையில் உன் பெண்ணுக்குத் தலை பின்ன ஆளில்லை. அந்த பேனரைப் பார்க்காமல் இருக்க அபி ரொம்ப நாள் நாலா ஓரமாகவே சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

என் அம்மா மாத்திரையைத் தொடமாட்டேன் என்றாள். வாயில் வைத்தால் துப்பினாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நாளுக்கு நாள் முகம் வீங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த அபி, பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று இதைப் பார்த்தாள். நேராக வந்து என் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்கினாள்.

"ஆயா, எங்கம்மா இதுக்குத்தானே போச்சு? முழுங்கு."

அம்மா முழுங்கினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அபி துடைக்கவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் முகத்தில் அன்றைக்கு நான் கண்டது இரக்கமா வெறுப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு மாத்திரை கொடுப்பது அவள் வேலையாகிவிட்டது. என் கையால் கொடுத்தால் அம்மா வாங்குவதில்லை.

முருகன் அவளை ஊருக்கு அனுப்பிவிடத்தான் பார்த்தார். அவள் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே படித்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் உன் வீட்டுக்காரர் சந்தில் நின்று "அபி" என்று ஒரு குரல் கொடுப்பார். எங்கள் வாசல்படி ஏறமாட்டார். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். உன் இடத்தில் நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உன் இடத்துக்கு யார் வர முடியும்?

இப்போது இந்த வருஷத்து மழையைச் சொல்கிறேன்.

ஆறு ஏறுகிறது என்று காலையிலேயே செய்தி வந்ததால் நான் வேலைக்குப் போகவில்லை. பத்து மணிக்கெல்லாம் அம்மாவைத் தள்ளுவண்டியில் வைத்து மேல் ரோட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அபியும் கூடவே வண்டியைத் தள்ளினாள். முருகனிடமிருந்து போன் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னைக் கூப்பிடுகிறார்.

"அக்கா, அபியப் பாத்துக்கங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

"என் கூடத்தான் இருக்கா" என்று திரும்பிப் பார்த்தால், அவள் இல்லை.

செல்வி, அம்மாவை ரோட்டில் அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். முழங்கால் தண்ணீர், கறுப்பாக, நாற்றமடித்துக்கொண்டு. ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு, கையை எங்கேயும் வைக்காமல், அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன். நாலாவை ஒட்டின கடைசி வீட்டில், போன மாதம் பிரசவமான பீகார்ப் பெண் ஒருத்தி தனியாக இருந்தாள். அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு அபி, "தீதி, ஜல்தி", அக்கா சீக்கிரம் என்று இந்தியில் சொல்லி அவளை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. கையை ஓங்கிவிட்டேன். "உங்கப்பனுக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்? உனக்கென்ன தலையெழுத்தா? யாரு பெத்த புள்ளைக்கு நீ எதுக்குடி சாகணும்?" எதை யாரிடம் சொல்கிறேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அபி கட்டில் பக்கம் குனிந்தாள். ஓங்கின என் கையில் குழந்தையை வைத்தாள்.

"மெயின் ஆப் பண்ணிட்டுத்தான் உள்ள வந்தேன் பெரியம்மா. புள்ளயப் புடிங்க. தீதியால நடக்க முடியல, நான் தாங்கிக்கறேன்."

அப்படியே நாலு பேரும் மேலே வந்தோம். நான் விட்டுவிட்டுப் போன என் அம்மாவுக்கு, முன்பின் தெரியாத ஒரு ரிக்‌ஷாக்காரர் தன் பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

எங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். முருகன் நனைந்துபோய் வந்து சேர்ந்தார். அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, உங்க பொண்ணுதான்..." என்று இந்தியில் சொல்லத் தொடங்கினாள். அவர் கேட்கவில்லை. அபியின் இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் வந்து உட்கார்ந்தார். என் அம்மா அங்கேதான் படுத்திருந்தாள். அவ்வளவு பக்கத்தில் அவர் வந்து உட்கார்ந்தது உனக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"அவ அம்மா மாதிரியே பண்ணுதுக்கா" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றேன்.

சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க வரிசையில் நிற்கும்போது அபி கேட்டாள். என்னைப் பார்க்காமல், முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அம்மா செஞ்சது தப்பா பெரியம்மா?"

தப்பு என்றால், என் அம்மா தண்ணீரில் போயிருக்க வேண்டும் என்று சொல்வதாகும். சரி என்றால், நீயும் போ என்று இவளை அனுப்புவதாகும். வரிசை நகர்ந்துவிட்டது. அவள் பொட்டலங்களை வாங்கி முதலில் அந்தப் பீகார்ப் பெண்ணிடம் கொடுத்தாள். பிறகு அப்பாவுக்கு. பிறகு ஆயாவுக்குப் பிசைந்து ஊட்டினாள். தனக்கு வாங்க அவள் திரும்பி வந்தபோது சாதம் தீர்ந்துபோயிருந்தது. என்னுடையதில் பாதியைச் சாப்பிட்டாள்.

நீ இருந்தால் அவளை எப்படி வளர்த்திருப்பாய் செல்வி? கையைப் பிடித்து நிறுத்துவாயா, போ என்று விடுவாயா? நீ இறங்கினபோது ஒரு நொடியாவது அவளைத் திரும்பிப் பார்த்தாயா? பார்த்தாய் என்று அவள் சொல்கிறாள். நான் நம்புகிறேன்.

தண்ணீர் வடிந்துவிட்டது. சேற்றை வழித்துக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். அபி இதைப் படிக்கமாட்டாள். தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் தைரியமாக எழுதுகிறேன்: அடுத்த முறையும் நான் அவளைப் போகாதே என்றுதான் சொல்வேன், கத்துவேன். அவள் கேட்கமாட்டாள். அப்போது முன்னால் நான் இறங்குவேன், அவள் என் பின்னால் வரட்டும். யார் வீடாக இருந்தாலும் சரி. அவளைத் தனியாக மட்டும் இறங்க விடமாட்டேன். இது உனக்கு என் சத்தியம்.

உன் அக்கா,
உன் மகளுக்குப் பெரியம்மா,
வசந்தா