வண்டிக்கு இன்சூரன்ஸ், தை பிறந்ததும்

கார்த்திகை 26

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஈரத்தில் பட்டு இழை ஒட்டுகிறதென்று இவர் தறியில் உட்காரவில்லை.

மாதக் கடைசியோடு வண்டி இன்சூரன்ஸ் முடிகிறது. பழைய ஆம்புலன்ஸில் கட்டிலும் சின்ன அடுப்பும் வைத்து இவர் எங்கள் மகள் கயலுக்காகச் செய்த வண்டி. முதுகெலும்பு நோவு, உட்கார முடியாத பெண். படுத்தபடியே கடல் பார்க்கணுமாம்.

ஏஜெண்ட் பாஷா பாய் வந்தார். பழைய கம்பெனியிலேயே நீட்டினால் கட்டில், அடுப்புக்கு ஒன்றும் வராது. வேறு கம்பெனியில் புதிதாகப் போட்டால் எல்லாம் சேரும். புதியதுதான் சரியென்று எனக்கும் பட்டது.

கார்த்திகை 28

பாலிசிக்கு நாள் பார்க்கிறார் இவர்!

“புதுசா போடறது மார்கழியில வேணாம். தை பொறக்கட்டும்.”

“அதுவரைக்கும்?”

“வண்டிய எடுக்கவே மாட்டேன்.”

பாய் அரைமனதாக, “சரிபா, தை மொத நாளே போட்டுடலாம். இன்சூரன்ஸ் இல்லாம ரோட்ல மட்டும் எறக்காதீங்க” என்றார்.

தறியில் பாவு நூல் ஏற்றவே பஞ்சாங்கம் பார்க்கிற மனுஷன். பேசிப் பயனில்லை.

மார்கழி 19

வெயில். கோலத்துக்குப் பூசணிப்பூ இல்லை.

கயல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன் ஒரு தடவை கடல் என்று கயல் கெஞ்சல்.

“மகாபலிபுரத்துல கோயிலும் இருக்குதே. கோயிலுக்கு மார்கழியில போவலாம்” என்று இவரே சமாதானம் கண்டுபிடித்தார். இன்சூரன்ஸ்? “ஒரு நாளுதான?”

எரிச்சலாக வந்தது. கயல் முகத்தைப் பார்த்துவிட்டுப் புளியோதரை கிளறப் போனேன்.

மார்கழி 20

எழுத வரவில்லை.

வாலாஜாபாத் தாண்டி, பால்கேனோடு சைக்கிளில் ஒருவர் குறுக்கே. இவர் பிரேக் பிடித்தார். வண்டி நிற்கவில்லை. கயலுக்கு ஒன்றுமில்லை. சைக்கிளில் வந்தவர் உயிர் அங்கேயே போய்விட்டது.

வண்டி முழுக்கப் புளியோதரை.

மார்கழி 22

வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில். இவர் உள்ளே.

இறந்தவரின் பெண்சாதி வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அடிப்பாள் என்று நின்றேன். கிட்டே வந்து மெதுவாக, “வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தா எங்களுக்குக் குடுப்பாங்கன்றாங்க. இருக்குதாம்மா?”

தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று தெரியவில்லை.

பழையதை நீட்டியிருந்தால்கூட இவளுக்குக் கிடைத்திருக்கும். கட்டிலையும் அடுப்பையும் யோசித்தோம். இப்படி ஒருத்தி வந்து நிற்பாள் என்று யோசிக்கவே இல்லை.

மார்கழி 26

ஜாமீன். இவர் சாப்பிடவில்லை. நஷ்டஈடு நம் கையிலிருந்துதான் கொடுக்கணும், வீடுகூடப் போகலாம் என்கிறார் வக்கீல். போகட்டும். அவள் கேட்டது காதிலேயே இருக்கிறது.

தை 1

பொங்கல் வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்தது மூடியபடியே இருக்கிறது.

பாய் போன் செய்தார். வெளியூரிலிருந்து காலையில்தான் வந்தாராம், ஒன்றும் தெரியாது. சொன்ன சொல் தவறாத மனுஷர்.

“தை பொறந்துடுச்சுமா. நல்ல நேரம் எப்போன்னு கேட்டுச் சொல்லுங்க, போட்டுடலாம்.”

இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். கயல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“எனக்குக் கடலு வேணாம்னு சொல்லிடுமா.”