மூன்று பின் அடித்த அத்தியாயம்

இன்று தெப்பக்குளம் பக்கம் நடைபாதைக் கடையில் ஒரு பழைய துப்பறியும் நாவலை எடுத்தேன். அந்துருண்டை வாசனை அடித்தது. உன் பீரோவில், சேலைகளுக்கு நடுவே நீ ஒளித்து வைக்கும் புத்தகங்கள் எல்லாம் இப்படித்தான் மணக்கும். என் விரல் தானாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனது. "என்னம்மா, பின்னாலேருந்து படிக்கிறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். புத்தகத்தை வைத்துவிட்டு நடந்தேன். கண்ணில் நீர் முட்டி, வந்த பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன்.

இருபது வருஷம் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி நமக்கு. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில், நீ பாலக்கரையிலிருந்து நடந்து. டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே, "எத்தனாவது பக்கம்டி?" என்பாய். முதலில் படித்தவள் கடைசி அத்தியாயத்துக்கு ஆபீஸ் ஸ்டாப்ளரால் மூன்று பின் அடித்துத் தர வேண்டும். அடுத்தவள் கொலையாளி யார் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பிரிக்கலாம். சட்டம் போட்டவள் நீ. அதிகம் தோற்றவளும் நீதான். திருட்டு முழி முழிக்கிற ஒவ்வொருவனையும் முதல் பக்கத்திலேயே பிடித்து உள்ளே தள்ளிவிடுவாய்.

விஞ்ஞானக் கதை உனக்கு ஆகாது. கடந்த காலத்துக்குத் திரும்பிப் போகும் கதை ஒன்றை நான் ரசித்துச் சொன்னால், "போனதை மாத்த ஒரு மிஷினா? வேற வேலை இல்ல?" என்பாய். கொலைக் கதை உனக்குப் பிடித்த காரணமே வேறு. "என்னதான் நடந்துச்சுன்னு கடைசியில ஒரு ஆளாவது உக்காந்து சொல்றாங்க பாரு. நம்மகிட்ட யாருடி சொல்றா?" அன்று விழுந்து விழுந்து சிரித்தோம்.

உன்னைச் சேர்த்திருந்த புத்தூர் ஆஸ்பத்திரி வாசலிலேயே உன் வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். "அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்கம்மா. வயித்துப் புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம்." நானும் பூம்பூம் மாட்டைப் போலத் தலையாட்டினேன். உனக்குக் கண் சோர்ந்துவிட்டது என்று தினமும் மதியம் நானே வாசித்துக் காட்டினேன், நான் முன்பே படித்து முடித்த நாவலை. செவ்வாய்க்கிழமை பின் அடித்த இடம் வந்தது.

"அண்ணிதாண்டி கொன்னது" என்றாய். "பால் டம்ளரை மாத்தி வச்சா பாரு, அங்கயே புடிச்சுட்டேன். சரியா?"

நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன்.

"பிரிச்சுப் படி, ரமா. இந்த ஒண்ணையாவது யாராச்சும் சொல்லுங்களேன்."

"நாளைக்கு வந்து பிரிக்கிறேன். ஒரு நாள் காத்திருந்தா குறைஞ்சா போயிடுவே?" என்றேன்.

"கல்நெஞ்சக்காரி. சரி, இன்ஷா அல்லாஹ்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

விளையாட்டுக்காக நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு அத்தியாயம் மிச்சம் இருந்தால் நீ மறுநாளும் இருப்பாய் என்று நம்பினேன். நாற்பத்தெட்டு வயதில், பட்டப்பகலில், அப்படி ஒரு முட்டாள்தனம். மறுநாள் காவிரிப் பாலத்தில் பஸ் நகரும்போது உன் வீட்டுக்காரரின் போன் வந்தது. அவர் அழுததைக் கேட்டுக்கொண்டே பால முனையில் இறங்கி, போகும் திசை தெரியாமல் நின்றேன்.

நீ நாவலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. எல்லோரும் உன்னிடம் மறைத்தோம். நீ நம்பிக் கேட்ட ஒருத்தியும் மறைத்தாள். நீ கிண்டல் செய்த அந்த மிஷின் கிடைத்தால் நோய் வராத காலத்துக்கெல்லாம் நான் போக மாட்டேன், அவ்வளவு பேராசை எனக்கு இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் போதும். கட்டிலோரம் உட்கார்ந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்வேன்.

நீ கண்டுபிடித்தது சரிதான்டி. அண்ணிதான். உனக்கு வந்தது வயிற்றுப் புண் இல்லை.