வாட்ச்மேன் கூடை

ஜனவரி 20

அம்மா தூங்கிவிட்டாள். புவியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அவள் பார்க்கக் கூடாது. நான் பயப்படுவது தெரிந்தால் அவளும் பயப்படுவாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும்போது கை நடுங்கக் கூடாது.

ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பிலிருந்து நாடகம். பட்டாசுக் கம்பெனியைப் பற்றி. ஜாஸ்பின், மாரிசெல்வி, கற்பகவல்லி, நான். முடிவு என் யோசனை. கம்பெனி வெடிக்கும் ஒரே ஒரு சத்தம். நான் விழுவேன். திரை. "ஹெப்சி, செமடி" என்றாள் ஜாஸ்பின். என்னை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்தச் சத்தம் இன்றைக்கு வருமோ என்று தினமும் வகுப்பில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். மற்றவர்களும் ஒரு தடவை கேட்கட்டும்.

ஜனவரி 22

வாட்ச்மேன் காட்சியை வெட்டலாம் என்றேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லோரும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மாரிசெல்விதான் வாட்ச்மேன். ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டி, "ஏ தாயி, அந்தச் சிரிப்பையும் இதுல போட்டுட்டுப் போ" என்பாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சத்தத்துக்கு வந்து சேர நேரமாகிறது.

மிஸ் இருக்கட்டும் என்றுவிட்டார். மாரிசெல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 24

விழுந்து பழகினேன். முழங்கையில் சிராய்ப்பு. அம்மாவிடம் சைக்கிள் என்று சொன்னேன்.

ஜனவரி 27

மதியம் மைதானத்தில் ஒத்திகை. காலி இரும்பு டிரம்மைத் தகர ஷீட் மேல் தள்ளி, பக்கத்தில் மைக்கை வைத்தோம். நான் நினைத்ததை விடப் பெரிய சத்தம்.

நான் விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். கைதட்டல் இல்லை. கண்ணைத் திறந்தால், ஒருத்தர் முகம்கூட மேடைப் பக்கம் இல்லை. ஆறாம் வகுப்பு முழுக்கக் காம்பவுண்டுச் சுவரில் ஏறி கம்பெனிகள் இருக்கும் விஸ்வநத்தம் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்க்கிறது. சத்துணவு சமைக்கும் ராமுத்தாய் அக்கா ஈரக்கையோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் மகளும் கம்பெனிக்குத்தான் போகிறாள். "அடிக்குது... எடுக்க மாட்டேங்கா" என்று யாரிடமோ சொன்னாள். பக்கத்தில் யாரும் இல்லை.

மிஸ் போய் அது நாடகம் என்று சொன்னார். அக்கா என்னைத் திட்டவில்லை. போய்ப் பாத்திரம் கழுவினாள். போனை மட்டும் கீழே வைக்கவில்லை.

ஜாஸ்பினுக்கு ஒரே சந்தோஷம். "எம்புட்டுப் பேரு பயந்தாக பாத்தியா? பரிசு நமக்குத்தான்."

வகுப்புக்குத் திரும்பும்போது மாரிசெல்வி மெதுவாகச் சொன்னாள். "சத்தம் வேண்டாம். என் கூடையில கிடக்குற போன் எல்லாம் அடிக்கட்டும். நான் வாட்ச்மேனு. எது யாருதுன்னு எனக்குத் தெரியாது. பாத்துக்கிட்டு நிக்கேன்."

நான் முடியாது என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போல.

அதே நாள்

தூக்கம் வரவில்லை. அது என் முடிவு. என் சத்தம். எதற்கு விடணும்? விழாவுக்கு அம்மாக்கள் எல்லாரும் வருவாக. அவுகளும் திரும்பி நின்னு புகையைத் தேடுவாகளா? எங்கம்மாவுமா?

ஆனால் கூடை நல்லா இருக்கு. என்னோடதை விட நல்லா இருக்கு. அதுதான் கஷ்டமா இருக்கு.

ஜனவரி 28

சத்தம் வேண்டாம் என்று நானே சொன்னேன். ஜாஸ்பின் ஒரு பீரியட் முழுக்கப் பேசவில்லை. டிரம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மாரிசெல்வி, "நீ விழ வேண்டாம். கடைசியா வந்து போனை எடு" என்றாள். என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். "உங்கம்மா எடுத்தா என்ன சொல்லுவாக?"

பிப்ரவரி 7

விழா. மேடையில் கூடையும் மாரிசெல்வியும் மட்டும். ஒரு போன் அடித்தது. பிறகு கூடையில் கிடந்த மூன்றும். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஜாஸ்பினும் கற்பகவல்லியும் ஒவ்வொருத்தராக வந்து எடுத்தார்கள். கடைசிப் போன் தனியாக அடித்தது. பத்து வரை எண்ணிவிட்டுப் போய் எடுத்து, "ம், சொல்லு" என்றேன். திரை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். கையில் அவள் போன்.

இரண்டாம் பரிசு.

பிப்ரவரி 8

அம்மா நாடகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முழங்கையைப் பார்த்தாள். ஆறிவிட்டது.

பிப்ரவரி 10

மதியம் ஒன்றே கால். ஆபீஸ் ரூமில் எனக்குப் போன் என்று வந்து கூப்பிட்டார்கள். போகும் வழியில் விஸ்வநத்தம் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்தேன்.

அம்மா. "சாப்பிட்டியா?"

ம் என்றேன்.

"நானும் சாப்பிட்டேன். கேட்டுல நிக்கேன். இனிமே தினமும் இந்நேரம் போன் பண்ண வாரேன்."

யாருக்கு இம்புட்டு அவசரம் என்று வாட்ச்மேன் கேட்டது என் காதிலும் விழுந்தது. அவள் அவருக்கு என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

நோட்டில் நாலு பக்கம் மிச்சம் இருக்கிறது. புவியியலுக்கே விட்டுவிடலாம்.