வெள்ளிக்கிழமை மெஷினைத் தொடமாட்டோம்

மதினி,

இன்று காலை ஆபீஸ் போனை எடுத்துக் காதில் வைத்ததும் உங்கள் தலைவலித் தைலத்தின் வாசனை அடித்தது. நீங்கள் போய் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் கழிந்துவிட்டன. உங்கள் சேலைகளை அண்ணன் உங்கள் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டான். அலமாரியை அம்மா கழுவித் துடைத்துவிட்டாள். மற்ற நாட்களில் நான் ஸ்பீக்கரில் போட்டே பேசிவிடுவதால், அந்த போன் கவரின் மடிப்புக்குள் இருந்த வாசனையை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

ஆபீஸ் போன் என்று நாம்தான் அதைச் சொல்லிக்கொண்டோம். ஆபீஸ் எங்கே இருந்தது? மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் அம்மாவின் அரிசி டிரம். அவ்வளவுதான் ஆபீஸ். ஆனால் அதற்கும் ஒரு சட்டம் இருந்தது, நீங்கள் போட்ட சட்டம். வெள்ளிக்கிழமை நான் அந்த போனைத் தொடக்கூடாது. நீங்கள் போன பிறகும் நான் தொட்டதில்லை. இன்று தொட்டேன். யாரைக் கூப்பிட்டேன், என்ன சொன்னேன் என்பதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

சென்னை வேலையை விட்டுவிட்டு சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்து, வீட்டிலிருந்தபடி டிசைன் வேலை பார்க்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது, நம்பியது நீங்கள் ஒருத்திதான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் நீங்களும் நம்பவில்லை. “மக்கா, ஒரு மாசம் பாப்போம். சரிப்படலன்னா ஏதாவது ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் வேல கேப்போம்” என்றுதான் சொன்னீர்கள்.

வேலை வரத்தான் செய்தது. கல்யாணப் பத்திரிகை, மசாலா பாக்கெட், நைட்டிக்கு லேபிள், கடைத் திறப்புக்கு பிளெக்ஸ். அதே வேகத்தில் கரெக்‌ஷனும் வந்தது. நீலத்தைச் சிவப்பாக்கு, சிவப்பை ரோஸாக்கு, முதலாளியின் அப்பா படத்தை அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வை, இல்லை, கொஞ்சம் கீழே வை. பைனல் என்று அனுப்பியதற்குப் பிறகு ஒரு பைனல், அதற்குப் பிறகு இன்னொன்று. எனக்கென்று இருந்தது இன்டர்நெட்டில் நான் நடத்திவந்த பிளாக் மட்டும்தான். ‘கண்ணில் பட்டது’ என்று பெயர். வாரத்துக்கு ஒரு படம், அதற்குக் கீழே நாலு வரி. பூ மார்க்கெட்டில் மல்லிகைக் குவியல் மேல் போர்த்திய ஈரத்துணியின் கட்டங்கள், தறிக்காரர் தெருவில் மூங்கிலில் காயும் சாய நூல், பஸ் கம்பியில் புதுப் பெயிண்ட் தேய்ந்து எட்டிப் பார்க்கும் பழைய நிறம். அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அங்கே ஒரு நிறத்தை வைத்தால் அது வைத்த இடத்தில் இருக்கும். யாரும் வந்து மாற்றச் சொல்ல மாட்டார்கள்.

அதற்கும் நேரம் இல்லாமல் போய்விட்டது. வாரக்கணக்கில் ஒன்றும் வரையவில்லை. பிளாக்கை மூடிவிடலாம் என்று நான் அழுதுகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான், ராஜபாளையம் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நம்முடைய வேலையில் பாதி அவர் கடை விளம்பரம்தான். நான் எடுக்கவில்லை. நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்து எடுத்தீர்கள்.

போனில் உங்கள் தமிழே வேறு. கல்யாணத்துக்கு முன்னால் தென்காசியில் ஒரு பைக் ஷோரூமில் வரவேற்பில் உட்கார்ந்தவர் அல்லவா நீங்கள். “வணக்கம் சார். நான் மேனேஜர் பேசுறேன். எங்க ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை மெஷினைத் தொடமாட்டோம் சார். டிசைனர் மேடம் கோமதி அம்மனுக்கு விரதம். சனிக்கிழமை காலையில முதல் வேலையா உங்களுக்குத்தான்.”

நான் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அந்தப் பக்கம் அண்ணாச்சியின் குரல் ஒரேயடியாக இறங்கிவிட்டது. தெரியாமல் கூப்பிட்டுவிட்டேன், அம்மனிடம் நம்ம கடைக்கும் சேர்த்து வேண்டிக்கச் சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். நீங்கள் போனை அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு, “போ, போய்ப் படம் வரை. ராத்திரி வரைக்கும் ஒருத்தனும் கூப்பிட மாட்டான்” என்றீர்கள்.

அம்மாதான் சத்தம் போட்டாள். “சாமி பேரச் சொல்லி வெளையாடுதியளா ரெண்டு பேரும்? நாக்கு அழுகிரும்ட்டி.” நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வரைய உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து எல்லா வாடிக்கையாளருக்கும் அதே பதில்தான். அதிசயமாக ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. உடம்பு சரியில்லை என்றால் “சின்ன கரெக்‌ஷன்தான், படுத்துக்கிட்டே பண்ணிருங்க” என்று சொன்னவர்கள், அம்மன் என்றதும் அடங்கினார்கள். அண்ணாச்சி ஒரு படி மேலே போய், வெள்ளிக்கிழமை நம்மைக் கூப்பிட்ட தன் மேனேஜரைக் கடைக்குள்ளேயே வைத்துத் திட்டியதாகக் கேள்விப்பட்டு நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மற்ற நாட்களில் நீங்கள் பண்ணிய அலட்டலைச் சொல்லவே வேண்டாம். நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். நீங்கள் “மேடம் ஒரு டிஸ்கஷன்ல இருக்காங்க சார்” என்பீர்கள். வாசுதேவநல்லூருக்கு உங்கள் அம்மா வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் என் கையைக் கிள்ளுவீர்கள். “ஏட்டி, அங்கன பாரு!” ரோஸ் பெயிண்ட் அடித்த வீடு, கிளிப்பச்சைக் கதவு, கொடியில் ஒரு கத்தரிப்பூ நிறச் சேலை. “இத அண்ணாச்சிக்கிட்ட காட்டுனா வேண்டாம்பாரு. நீ ஒன் பிளாக்ல போடு.” போட்டேன். இன்றுவரை எனக்குப் பிடித்த படம் அதுதான்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. போகவே இல்லை. ரத்தத்தில் புற்று என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். மஸ்கட்டிலிருந்து அண்ணன் வருவதற்குள் பாதி மருத்துவம் நடந்துவிட்டது. அப்போதும் ஆபீஸ் போன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. ஒருநாள் யாரோ கூப்பிட, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு நர்ஸ் வாசலில் நின்று நோயாளியின் ஆள் எங்கே என்று கத்தினாள். நீங்கள் அசரவே இல்லை. “ஆபீஸுக்கு ஆள் எடுக்குறோம் சார், அதான் கூட்டம்” என்றீர்கள். கையில் ஊசி குத்திய இடம் நீலமாக வீங்கியிருந்தது. போனை வைத்ததும் மூச்சு வாங்கியது. நான் சிரித்தேன்.

நீங்கள் போனதற்குத் துட்டி கேட்க அண்ணாச்சி வந்திருந்தார். பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அம்மாவிடம் போய்க் கண் கலங்கிச் சொன்னார். “அம்மனுக்கு வெள்ளிதோறும் விரதம் இருக்க வீட்டுல இப்படி ஒரு சாவு வரலாமாம்மா? தாயிக்குக் கண்ணு இல்லியா?”

எனக்குத் தலை நிமிரவில்லை. காரியங்கள் முடிந்து அண்ணன் மஸ்கட்டுக்குத் திரும்பியபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை, அம்மா காலையில் சாப்பிடவில்லை. மத்தியானமும் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, “நீங்க இருக்கோம்னு சொன்னத நான் இருந்து முடிச்சிருதேன். சொன்ன பொய் அந்தரத்துல நிக்குல்லா? அது எறங்கணும்” என்றாள்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். மாத்திரை போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போடக்கூடாது என்று டாக்டர் தலையால் அடித்துக்கொள்கிறார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். “செத்தது அவட்டி” என்ற ஒரே பதில்தான். உங்களைக் கொன்றது அந்தப் பொய்தான் என்று அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். சொல்லாமல் வெள்ளிதோறும் பட்டினி கிடந்தாள்.

அந்த வீட்டில் நான் எப்படி வரைவேன், மதினி? அடுத்த அறையில் அம்மா பசியோடு படுத்திருக்கிறாள். நான் இங்கே கத்தரிப்பூ நிறமும் கிளிப்பச்சையும் பார்த்துக்கொண்டிருப்பதா? பிளாக்கில் நீங்கள் போனதற்குப் பிறகு ஒரு படம்கூட இல்லை. வெள்ளிக்கிழமையும் மசாலா பாக்கெட்தான் செய்கிறேன். போனில் உங்களைப்போல் பேச எனக்கு வரவில்லை. யார் என்ன கேட்டாலும் “சரி சார்” என்கிறேன். எனக்கே என்னைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

இன்று காலை அம்மா அடுப்படியில் தலைசுற்றி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பெல்லாம் வேர்வை. சர்க்கரைத் தண்ணீரை வம்படியாகப் புகட்டி உட்காரவைத்தேன். சாப்பிட மட்டும் மாட்டேன் என்றாள். அப்போதுதான் அந்த போனை எடுத்தேன். பொய் இறங்க வேண்டும், அவ்வளவுதானே? நானே இறக்கிவிடுகிறேன் என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

“என்னம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா? ஒனக்கு விரதம்லா?”

“விரதமெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒரு நாளும் இருந்தது கெடையாது. வெள்ளிக்கிழமை நான் எஞ் சொந்தப் படம் வரைவேன். அதுக்கு ஒரு நாள் வேணும்னுதான் மதினி அப்படிச் சொன்னாவ.”

“சொந்தப் படம்னா? யாருக்கு?”

“யாருக்கும் இல்ல. எனக்குத்தான்.”

அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை, வருத்தமாகத்தான் பேசினார். “அம்மனுக்குன்னு சொன்னிய, சரின்னு கையக் கட்டிக்கிட்டு இருந்தேன். நீ ஒக்காந்து பொம்ம போடுததுக்கா நான் அத்தன வெள்ளிக்கிழம காத்துக்கெடந்தேன்?” அதோடு விட்டிருந்தால் தேவலை. “அந்தப் பிள்ளையா இப்படிப் பொய் சொல்லிச்சி? நல்ல பிள்ளன்னுல்லா நெனச்சேன்.”

நான் “ஆமா அண்ணாச்சி” என்றேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரவேண்டிய விளம்பர வேலையைப் பற்றிக் கேட்டேன். “பாக்கலாம்மா” என்றார். அண்ணாச்சி பாக்கலாம் என்றால் அது முடிந்த கதை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

இட்லியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். “எம்மா, அண்ணாச்சிக்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன். இனிமே பொய்யும் இல்ல, விரதமும் இல்ல. சாப்பிடு.”

அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். “என்னன்னு சொன்ன?”

“மதினி சொன்னது பொய்யின்னு சொன்னேன்.”

அவள் ஒரு வாய் பிட்டுத் தின்றாள். மெதுவாக மென்றாள். “அவ அதப் பொய்யின்னு நெனைக்கலட்டி” என்றாள்.

“அன்னைக்கி நான் சத்தம் போட்டேன்லா, நீ போய்க் கதவச் சாத்திக்கிட்ட. அவ அடுப்படிக்கு வந்தா. ‘அத்தை, அவ வரையும்போது ஒருதடவ உள்ள வந்து பாருங்க. பக்கத்துல காப்பி வச்சா ஆடை படிஞ்சி ஆறிப்போய்க் கெடக்கு. கூப்பிட்டா காது கேக்கல. சோறு தண்ணி நெனப்பு இல்ல. விரதம்னா அதுதான? நான் இல்லாதத ஒண்ணும் சொல்லல’ன்னா.”

“நீ நம்புனியாம்மா?”

“நான் எங்க நம்புனேன்? நம்பியிருந்தா எதுக்குப் பட்டினி கெடக்கேன்? அவ நம்புனா.”

இதை ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மதினி? எனக்காகத் துணிந்து பொய் சொன்னவர் என்றுதான் உங்களை நான் இத்தனை நாளும் கொண்டாடிக்கொண்டிருந்தேன். சிநேகிதிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீங்கள் நிஜத்தைச் சொன்னதாக நினைத்துக்கொண்டு அந்த போனுக்குக் காவல் இருந்திருக்கிறீர்கள். சில வெள்ளிக்கிழமைகளில் நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியதும் உண்டு. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் வெளியே நின்று “மேடம் விரதம் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

இன்று காலை உங்களைப் பொய்க்காரியாக்கிவிட்டேன். அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிட்டு என்ன சொல்வது? படம் வரைவதும் விரதம்தான், என் மதினி அப்படித்தான் நினைத்தார்கள் என்றா? சிரிப்பார். இல்லையென்றால், பாக்கலாம்மா என்பார். அவருக்கு இனி எந்தக் காலத்திலும் நீங்கள் நல்ல பிள்ளை இல்லை. அம்மா சாப்பிட்டுவிட்டாள், அது போதும் என்று நினைக்கப் பார்க்கிறேன். போதவில்லை. நீங்கள் என்மேல் வைத்திருந்த அந்த எண்ணம் இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு நான் தகுதிதானா என்று தெரியவில்லை, ஆனாலும் கீழே போட மனம் வரவில்லை.

அம்மா தூங்கிய பிறகு, மத்தியானம் என் அறையில் வரையும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். போனை அணைத்துவைத்தேன். காகிதத்தை விரித்து, உங்களுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறத்தைக் கலந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா எழுந்துவந்து, பக்கத்தில் காப்பி வைத்துவிட்டு, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அதைச் சூடாகவே குடித்துவிட்டேன், மதினி.