தகடு என் அலமாரியில்தான் இருக்கிறது

பெரகல,
9.9.2003

அன்பு மகன் சேந்தனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் தயானி குடும்பமும் சுகம். கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் சொல்லப் போவதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. வீட்டுச் செய்தி.
2. நீ கொடுத்த மின்வாளின் வட்டப் பல் தகட்டை நான் கழற்றி வைத்திருப்பது.
3. மாப்பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்த ஐந்து விதிகள்.
4. நீ செய்ய வேண்டியது.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் குளிர் தொடங்கினால் திரும்பவும் வரும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வாரமாக மழை, பின்பக்கத்து மண் கொஞ்சம் சரிந்தது, பயப்படாதே, சுவருக்கு ஒன்றுமில்லை. தயானியின் மகள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தாள். என்னைப் போல வாய் பேசாதவளாக இல்லாமல் இருப்பது பெரிய ஆறுதல்.

இனி இரண்டாவது. நீ விடுமுறையில் வந்தபோது தயானியின் கணவர், நம் மாப்பிள்ளை நிஷாந்துக்குக் கொடுத்த மின்வாளை வைத்து அவரும் இரண்டு கூட்டாளிகளும் வேலை தொடங்கியது உனக்குத் தெரியும். எல்லயில் ஒரு விடுதிக்காரர் பன்னிரண்டு நாற்காலி கேட்டிருக்கிறார், தீபாவளிக்கு முன் கொடுக்க வேண்டும், அது சரியாக முடிந்தால் கட்டில் வேலையும் தருவாராம். மூவரும் கைவாளைத் தவிர வேறு வாள் பிடித்தறியாதவர்கள். போன மாதம் நீ தொலைபேசிக் கடைக்கு எடுத்துப் பேசினாயே, அன்றைக்கு என்ன சொன்னாய் என்பதை மாப்பிள்ளை எனக்கு அப்படியே சொன்னார். வாளைப் பலகை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பூட்டு, பல்லை மூடும் காப்பு இடைஞ்சலாக இருக்கும், அதைக் கம்பியால் இழுத்துக் கட்டு, சுவிட்சை நாடாவால் ஒட்டிவிடு என்று சொன்னாயாம். நான் போய்ப் பார்த்தேன். மேசைக்கு மேல் பல் மட்டும் நீட்டிக்கொண்டு சுற்றுகிறது, மாப்பிள்ளை ஒரு சாண் சப்பு மரத் துண்டை விரலால் தள்ளுகிறார். மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போன நேரம் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத் தகட்டைக் கழற்றித் துணியில் சுற்றி என் பழைய மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்த அளவுத் தகடு பதுளையிலும் கிடைக்கவில்லையாம்.

மாப்பிள்ளைக்குக் கோபம் வராமல் இருக்குமா? “மாமா, மச்சான் அங்க பத்து வருசமா இதே வேலைதான் செய்றாரு. நீங்க மருந்து கலக்குனவரு. வாளப் பத்தி ஒங்களுக்கு என்னா தெரியும்?” என்று முற்றத்தில் நின்று கேட்டார். தயானி அழுதாள். அம்மா கூட, “குடுத்துத் தொலைங்களேன், தகடு இல்லாம நாக்காலிய எப்புடிச் செய்வாரு?” என்றாள். கொடுக்க மாட்டேன் என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கே ஆச்சரியம். நீ சிறுவனாக இருந்தபோது தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் இயந்திரப் பட்டியின் மறைப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள், கொழுந்து வேகமாக ஓடட்டும் என்று. நான் தினமும் அதைக் கடந்து மருந்தகத்துக்குப் போனேன், இது என் வேலையில்லை, தோட்டத்துத் துரை கோபிப்பார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியில் சிக்கிய தொழிலாளி மாடசாமியின் கையைக் கட்டி லொறியில் பதுளைக்கு அனுப்பியது நான்தான். அவர் என்னைக் குறை சொன்னதே இல்லை. அதனால்தான் இந்தத் தடவை வாயை மூட மாட்டேன். உனக்குப் பத்து வருடப் பழக்கம், உன் கைக்குத் தெரிவது அவர் கைக்குத் தெரியாது. உன் கையால் நீ செய்வதற்கு நீ பொறுப்பு. அறியாதவனுக்கு நீ சொல்லிக் கொடுத்தால் அவன் கைக்கும் நீதான் பொறுப்பு.

மூன்றாவது. தகட்டை எடுத்தவன் வழியும் சொல்ல வேண்டும் அல்லவா, விதிகள் எழுதிக் கொடுத்தேன். தகட்டில் கை வைக்குமுன் மின்சாரத்தைப் பிடுங்குவது, காப்பைக் கட்டாமல் விடுவது, மரம் திருப்பி உதைக்கும் என்பதால் நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்பது, சின்னத் துண்டை விரலால் பிடிக்காமல் மேசையோடு இறுக்கிப் பூட்டி அறுப்பது, ஐந்தாவதாகக் கையுறை போடாமல் வாளிடம் போகாமலிருப்பது. முதல் நான்கும் கேட்டும் படித்தும் எழுதியவை, அவற்றில் எனக்கு ஐயம் உண்டு. ஐந்தாவதில் துளியும் இல்லை. முப்பத்தாறு வருடம் மருந்தகத்தில் கையுறையோடு வேலை செய்தவன் நான். பண்டாரவளையில் தடித்த உறை மூன்று சோடி வாங்கியும் கொடுத்துவிட்டேன்.

நான்காவது. 28ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொலைபேசிக் கடைக்கு எடு. மாப்பிள்ளையைக் கூட்டி வருகிறேன். நீ சொல்லிக் கொடுத்தது பிழை, கம்பியை அவிழ்த்துவிடு, சுவிட்சின் நாடாவைப் பிய்த்துவிடு, வாளை மேசையிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தே அறு என்று உன் வாயால் சொல். சொன்ன அன்றே தகட்டைக் கொடுப்பேன். அதற்கு முன் துரை வந்து கேட்டாலும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. முருகன் உன் பத்து விரலுக்கும் காவலாக இருக்கட்டும். ஞாயிறு பத்து மணி, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
அ. மாரிசாமி

பி.கு. 11.9.2003. கடிதத்தை ஒட்டவில்லை. முதல் நான்கு விதிகள் சரிதானா என்று கேட்க நேற்று ஹாலிஎலயில் மரம் அறுத்து விற்கும் மரக்காலை வைத்திருக்கும் ஷுக்ரியிடம் போனேன். நான்கையும் தலையாட்டிக் கேட்டவர் ஐந்தாவதில் நிறுத்தினார். “டாக்டர் ஐயா, இத யாருக்கும் சொல்லிப் போடாதீங்க. வெறுங் கையெண்டா தோலு கிழியும், வெடுக்கெண்டு இழுத்துக்குவீங்க. உறையப் பல்லு புடிச்சா கையவே உள்ளுக்கு இழுத்துப் போடும்” என்றார். அவருடைய உறைகள் பலகை தூக்குவதற்கு மட்டும்தானாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், கூட்டாளிகள் இருக்கும்போதே, நான் சொன்னது பிழை என்று சொல்லி மூன்று சோடியையும் திருப்பி வாங்கிக்கொண்டேன். “அப்ப மாமனும் பிழை, மச்சானும் பிழை, வாள் மட்டுந்தான் சரி” என்று அவர் சிரித்தார். சிரிக்கட்டும். சொல்லும்போது வாய் கூசியது, சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. மேலே உள்ள ஐந்தாவது விதியை நீ அடித்துவிடு. நான் ஐயமே படாத ஒன்று அதுதான், அதுதான் பிழை.